அயர்லாந்து முன்னோரைத் தேடுறீங்களா? கிரிஃபித் நில மதிப்பீட்டுல இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

அயர்லாந்துல 1901க்கு முந்தின சென்சஸ் எதுவும் முழுசா மிஞ்சல. 1861, 1871 கணக்கெடுப்பை அரசாங்கமே அழிச்சிடுச்சு, 1881, 1891 ரெண்டும் முதல் உலகப்போர் சமயத்துல காகிதக் கூழாப் போச்சு, அதுக்கும் முந்தினதுல பெரும்பகுதி 1922ல டப்ளின்ல ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில எரிஞ்சிடுச்சு. அதனாலதான் ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில 1847லேர்ந்து 1864 வரைக்கும் அச்சான நில மதிப்பீட்டை எல்லாரும் சென்சஸ் மாதிரியே எடுத்துக்கறாங்க. முதல் தப்பு அதுதான். இது வரி லிஸ்ட். ஏழைகள் நிவாரணத்துக்கான வரியை எந்த நிலத்துக்கு எவ்வளவுன்னு போடறதுக்காக எழுதினது, அதனால நிலத்தையோ வீட்டையோ வச்சிருந்தவர் பேர் மட்டும்தான் இருக்கும், வயசு கிடையாது, புருஷன் பேர்ல வீடு இருந்தா பொண்டாட்டி பேர் கிடையாது, பிள்ளைங்க கிடையாது, அடுத்தவங்க வீட்ல ஒண்டியிருந்தவங்க கிடையவே கிடையாது.

ரொம்ப பேர் மாட்டிக்கறது பேரை மட்டும் வச்சுத் தேடறதுலதான். கார்க் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) பேட்ரிக் மர்ஃபின்னு போட்டுப் பாருங்க, பக்கம் பக்கமா வரும், அதுல முதல்ல வந்தவரை அப்படியே குடும்ப மரத்துல சேர்த்துட்டா அதுக்கு மேல இருக்கற தலைமுறை எல்லாமே வேற யாரோட குடும்பமோ ஆயிடும். முதல்ல ஊரைப் பிடிங்க. அதாவது டவுன்லேண்ட், அங்க இருக்கறதுலயே சின்ன நிலப்பிரிவு, மொத்தம் 60,000க்கும் மேல இருக்கு, ஒரே பேர்ல பல கவுண்டியில இருக்கு, அதனால கவுண்டி, பாரிஷ் ரெண்டையும் சேர்த்தே குறிச்சு வைங்க. கல்யாணப் பதிவு, கல்லறைக் கல்லு, ராணுவ சர்வீஸ் பேப்பர்னு எதுலயாவது டவுன்லேண்ட் பேர் கிடைக்கும். இங்க இன்னொரு சிக்கல், மதிப்பீட்டுல போட்டிருக்கறது சிவில் பாரிஷ், அதாவது அரசாங்க நிர்வாகப் பிரிவு, ஞானஸ்நானப் பதிவுல வர்றது கத்தோலிக்க பாரிஷ், அதாவது சர்ச்சோட பங்கு, ரெண்டுக்கும் பேரும் எல்லையும் பல இடத்துல ஒத்துப்போகாது. குடும்பப் பேருக்கு முன்னாடி வர்ற ஓ, மக் ரெண்டையும் விட்டுட்டும் ஒருதரம் தேடிப் பாருங்க.

இன்டெக்ஸ்ல பேரைப் பார்த்ததோட நிறுத்திடாதீங்க, அச்சான பக்கத்தோட படத்தைத் திறந்தே ஆகணும், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. ஒரே டவுன்லேண்ட்ல ரெண்டு பேட்ரிக் மர்ஃபி இருந்தா ஒருத்தர் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஜான்னும் இன்னொருத்தர் பக்கத்துல டென்னிஸ்னும் போட்டிருப்பாங்க, பெரும்பாலும் அது அவங்க அப்பா பேர். ஒரு தலைமுறை இலவசமா கிடைக்குது, இதைப் போய் விட்டுடலாமா! இடது ஓரத்துல இருக்கற எண் நிலத்துண்டோட எண், பெரிய எழுத்து அந்தத் துண்டோட பகுதி, சின்ன எழுத்து வீடு. ஒரே எண்ல நாலஞ்சு வீடு வந்து நிலம் பொதுவா இருந்தா அவங்க சொந்தக்காரங்களா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா அது துப்பு மட்டும்தான், ஆதாரம் வேற தேடணும். அதே மாதிரி ஒரே பேர் மூணு தடவை வந்தா மூணு ஆள்னு எண்ணிடாதீங்க, ஒரே ஆளே மூணு துண்டு வச்சிருந்திருக்கலாம்.

இன்னொண்ணு, ஆன்லைன்ல மதிப்பீட்டோட சேர்ந்து வர்ற மேப் பல இடத்துல பிற்காலத்துல திருத்தினது. எண் பொருந்தலன்னா பதறாதீங்க.

குத்தகைக்கு விட்டவர்னு இருக்கற பேரைப் பார்த்து அவர்தான் ஜமீன்னு முடிவு கட்டறதும் சகஜமா நடக்குது. அவர் நடுவுல இருக்கற குத்தகைதாரரா இருக்கலாம், அவருக்கு மேலயும் ஆள் இருக்கலாம். பவுண்டு, ஷில்லிங்ல போட்டிருக்கற தொகையும் அவங்க உண்மையில கட்டின வாடகை இல்ல, வரி போடறதுக்காகக் கணக்குப் பண்ணின வருஷ மதிப்பு.

பேர் இல்லன்னா குடும்பமே அங்க இல்லன்னு சொல்லிடாதீங்க. 1845ல ஆரம்பிச்ச பஞ்சத்துல எத்தனையோ குடும்பம் செத்துப்போச்சு, கப்பலேறிப் போச்சு, பல கவுண்டியில மதிப்பீடு அச்சானது அதுக்கு அப்புறம்தான், அர்மா கவுண்டிக்கு 1864. நம்ம ஊர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்ல மெட்ராஸ் பட்டாளத்துக்கு வந்த ஐரிஷ்காரரைத் தேடறவங்களும் இதை கவனிக்கணும், 1840லயே இங்க வந்துட்டவர் பேர் அங்க இருக்காது, அவரோட அப்பாவையோ அண்ணன் தம்பியையோதான் தேடணும். அதுக்கும் முன்னாடி போகணும்னா 1823லேர்ந்து 1838 வரைக்குமான டைத் புத்தகங்கள், அதாவது சர்ச்சுக்குக் கட்டற வரியோட கணக்குப் புத்தகங்கள் இருக்கு, ஆனா அதுல பல இடத்துல ஐரிஷ் ஏக்கர், கிரிஃபித்ல சாதாரண ஸ்டாட்யூட் ஏக்கர், ஒரு ஐரிஷ் ஏக்கர் கிட்டத்தட்ட 1.62 ஸ்டாட்யூட் ஏக்கர், அதைப் பார்க்காம நிலம் கூடிடுச்சுன்னு கதை கட்டிடாதீங்க.

அச்சான மதிப்பீட்டோட நின்னுடறதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு. அதுக்கப்புறம் ஆபீசர்ங்க கையால திருத்திக்கிட்டே வந்த ரத்துப் புத்தகங்கள் இருக்கு, பழைய பேரை அடிச்சு கலர் மையில புதுப் பேர் எழுதி ஓரத்துல வருஷம் போட்டிருப்பாங்க, அதை வச்சு ஒரே வீட்டை அப்பா, விதவை அம்மா, மகன்னு 1901 சென்சஸ் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துடலாம். அந்த வருஷத்தை மட்டும் செத்த வருஷம்னு எழுதாதீங்க, மாத்தம் நடந்து சில வருஷம் கழிச்சும் திருத்தியிருக்காங்க. வட அயர்லாந்தோட ஆறு கவுண்டிக்கு பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தோட சைட்ல 1930கள் வரைக்கும் இலவசமாவே பார்க்கலாம், மத்த கவுண்டிகளோட புத்தகம் டப்ளின்ல இருக்கு, அங்க கேட்கும்போது டவுன்லேண்ட், பாரிஷ், கவுண்டி மூணையும் கரெக்டா எழுதிக் கொடுங்க.