மழைக்காலத்தில் துளைவிட்ட வார்ப்பு: என் அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் பட்டறையில் எல்எம்25 என்ற, சிலிக்கானும் மக்னீசியமும் கலந்த அலுமினியக் கலவையில் பம்ப் உறை வார்க்கிறோம். மழைக்காலம் வந்தால் போதும், லேத்தில் கடைந்ததும் ஊசிமுனை அளவு துளைகள் தெரியும். போல்ட் இறுக்கும் காதில் விரிசல். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டு, உறையும்போது துளையாக விட்டுவிடும். அதனால் இங்காட்டையும் (உருக்கப் போடும் அலுமினியக் கட்டி) கரண்டியையும் சூடாக்கி உலர்த்தினேன், ஹைட்ரஜனை வெளியேற்ற உருகலுக்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தினேன், 750 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடவில்லை. மாதிரியை அறுத்துப் பார்த்தேன்: துளையே இல்லாமல் வெள்ளிபோல் நெருக்கமான முகம்! அப்புறம் வலு ஏற்றுவதற்காக வார்ப்பை 540 டிகிரியில் 8 மணி நேரம் வைத்து, வெந்நீரில் முக்கி, 160 டிகிரியில் 10 மணி நேரம். மக்னீசியமும் சிலிக்கானும் நுண்துகளாகப் பிரிந்து வலு ஏறுவது இந்தக் கடைசிச் சூட்டில்தான்; அவசரப்பட்டு இதைக் குறைக்காதீர்கள். இந்த மழைக்கு ஒரு காதும் விரியவில்லை.