கேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு

பிள்ளைகளோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர் நான். அன்று வந்தவன் பதினைந்து வயதுப் பையன். இரண்டு முறை வீட்டை விட்டு ஓடிப்போனவன். முதல் சந்திப்பு முடிந்ததும் ஃபைலில் இப்படி எழுதினேன்: 'ஒத்துழைப்பு இல்லை. எதைக் கேட்டாலும் தெரியல என்கிறான்.' மேற்பார்வைக் கூட்டத்தில் என் சீனியர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் தெரியலன்னதும் நீங்க என்ன பண்ணினீங்க?"

அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும். ஒத்துழைக்காதது யார் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஃபைலோடு சேராத ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்கச் சொல்வதும் அதைத்தான். பிள்ளையின் பெயர், ஊர், அடையாளம் எதுவும் அதில் வேண்டாம்.

சந்திப்பு முடிந்த கையோடு எழுதுங்கள். ராத்திரிக்குத் தள்ளிப்போட்டால் மனசு நமக்குச் சாதகமாகக் கதையைத் திருத்திவிடும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் நீங்களாக நினைத்துக்கொண்டது. 'கோபமாக இருந்தான்' என்பது இடப்பக்கம் வரக்கூடாது. 'நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான், பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை, நாலு தடவை கதவைப் பார்த்தான்' என்று எழுதலாம். கை பழகும்வரை எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் கதவைப் பற்றி எழுதும்போதுதான், அவனுக்கும் கதவுக்கும் நடுவில் என் நாற்காலியைப் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்கு வெளியே போகும் வழி மறையக் கூடாது என்று படித்துத் தேறியவள்தான் நானும்.

அடுத்து, உங்களுக்குள் என்ன ஓடியது என்பது. நடந்ததைத் திரும்பிப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சியில் ஆறு படிகள்: நடந்தது என்ன, என்ன உணர்ந்தேன், எது சரியாகப் போனது எது போகவில்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். எல்லோரும் தாண்டிக் குதிப்பது இரண்டாவது படியைத்தான். எனக்கு அன்று எரிச்சல். கிளறிப் பார்த்தால் அது அவன்மேல் இல்லை. மாலைக்குள் மதிப்பீட்டுப் படிவத்தை முடித்தாக வேண்டிய பதற்றம். சிலருக்கு இதற்கு நேர்மாறாக, இந்தப் பிள்ளையை நான்தான் காப்பாற்றப்போகிறேன் என்ற துடிப்பு வரும். எரிச்சலைவிட அதுதான் மோசம் என்பேன். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்க வைப்பது அந்தத் துடிப்புதான். ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். எழுதும்போது அப்படி ஏதாவது ஆபத்து தட்டுப்பட்டால் நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். ஃபைலில் ஏற வேண்டியது ஃபைலில் ஏறியாக வேண்டும்.

தொழில் செய்கிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல், நடந்து முடிந்தபின் யோசிப்பது வேறு, நடக்கும்போதே யோசிப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவதுதான் கஷ்டம். அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வரும்போது கால் இரண்டையும் தரையில் அழுத்தி, மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். பத்து என்பது அந்த அறையில் ரொம்ப நீளம்.

சரி, வலப்பக்கத்தில் எழுதிய ஊகங்களை என்ன செய்வது? பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அவனைப் பற்றிய நம் ஊகமும் அவனைப் பாதிக்கிற விஷயம்தானே?

அடுத்த சந்திப்பில் சொன்னேன்: "போன தடவை கேள்வி மேல கேள்வியா கேட்டுட்டேன்பா. நான் உட்கார்ந்திருந்த இடமும் சரியில்லைன்னு தோணுது."

"அங்க உக்காருங்க மேடம்" என்று ஜன்னல் பக்கம் கை காட்டினான். நகர்ந்து உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்து, பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "தெரியலன்னா... சொல்லலாமான்னு தெரியல."

அதை இடப்பக்கத்தில் அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். ஃபைலில் இருந்த பழைய வரியை அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாது. அதன் கீழே தேதி போட்டு ஒரு திருத்தக் குறிப்பு சேர்த்தேன். பெரியவனானதும் அந்த ஃபைலை அவன் கேட்டு வாங்கிப் படிக்கக்கூடும்.