முந்திய ஸ்பிற்ஃபயரா, பிந்தியதா: பார்த்துப் பிரிக்கும் முறை

ஸ்பிற்ஃபயர் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியச் சண்டை விமானம், மார்க் 1, 5, 9 என்பவை அதன் வகை எண்கள். இறக்கையை அளந்து மினக்கெட வேண்டாம். மார்க் 1க்கும் மார்க் 9க்கும் அது ஒன்றுதான்: 11.23 மீற்றர், 72இல் ஒரு பங்காகச் செய்யும் 1:72 மாதிரியில் 15.6 செ.மீ. பிந்தியதில் சிலதுக்கு நுனி வெட்டியிருக்கும், அது ஆளை ஏமாற்றும்.

முதலில் வயிற்றைப் பாருங்கள். மார்க் 1, மார்க் 5 என்றால் வலது இறக்கையின் கீழ் பெரிய குளிராக்கி, இடதில் சின்ன எண்ணெய்க் குளிராக்கி. மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி. அதில் உள்ள மெர்லின் 60 வரிசை இயந்திரத்துக்கு இரண்டு கட்ட மிகையூட்டி, அதாவது காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் ஊட்டும் பொறி. அதன் சூட்டை இறக்கக் கூடுதல் குளிராக்கி வேண்டியிருந்தது. மூக்கு நீண்டதும் அந்த மிகையூட்டியால்தான்.

பிறகு சுழலியின் அலகுகளை எண்ணுங்கள்: மார்க் 5இல் மூன்று, 9இல் நான்கு, கிரிஃபன் இயந்திரம் பூட்டிய 14இல் ஐந்து. மார்க் 1இன் முதல் விமானங்களுக்கு இரண்டே மர அலகு. கிரிஃபன் மெர்லினுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். மாதிரியில் அலகை மாறி ஒட்டுகிற பிழை இங்கேதான் வரும்.

வவுனியா ஓடுபாதை அந்தப் போரில் பிரித்தானிய வான்படை போட்டது. அதை வைத்துக் காட்சி செய்கிறவர்கள் மார்க் 8 எடுங்கள். 1944இல் இலங்கையில் நின்ற படையணிகளிடம் இருந்தது அதுதான். மார்க் 9 போலவே இருக்கும், ஆனால் வால்சில்லு உள்ளே மடியும்.

வன்னி வெயிலில் மத்தியானம் வர்ணம் பூசினால் தூரிகைக் கோடு அப்படியே காய்ந்துவிடும். விடியவே பூசுங்கள். மாரியில் லாக்கர் வர்ணம் ஈரம் பிடித்து வெளிறும். தகரக் கூரைக்குக் கீழே மாதிரியை வைக்கவே வேண்டாம், இறக்கை வளையும்.