பேச்சோடு சைகை: வாய் திறக்காத பிள்ளைக்கு முதல் ஆறு சொற்கள்

சேலத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போய், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருவேன். அங்கே காபித் தோட்ட லைன் வீடு ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள ஐந்து வயதுப் பையன். "செருப்பு எங்கே?" என்றால் ஓடிப்போய் எடுத்து வருவான், அவ்வளவு புரியும். வாயில்தான் 'ம்மா'வைத் தவிர ஒன்றும் வராது. அந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிவான். அவனோடு பேசிக்கொண்டே சைகையும் காட்ட ஆரம்பித்து, தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது இது.

முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். காது கேட்காத குழந்தை என்றால் இந்தப் பதிவு போதாது. அதற்கு இந்தியச் சைகை மொழியையே முழுசாகக் கற்றுத் தர வேண்டும். நாம் செய்யப்போவது வேறு: முழு வாக்கியத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே, முக்கியமான ஒன்றிரண்டு சொல்லுக்கு மட்டும் கை. பிரிட்டனில் 1970-களில் வந்த மக்கட்டான் முறையும் இதே வழிதான். அங்கே பிரிட்டிஷ் சைகைகள், நமக்கு நம் நாட்டுச் சைகைகள்.

படி 1: ஆறு சொல் எடுங்கள். பிள்ளைக்கு ஆசையானதாக இருக்கட்டும். இவனுக்குத் தண்ணீர், சாப்பாடு, பந்து, நாய், அம்மா, வெளியே. பலரும் 'இன்னும்' என்பதில் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒரு பிள்ளை அதைக் கற்றுக்கொண்டு, எது வேண்டுமென்றாலும் 'இன்னும், இன்னும்' என்று காட்டி மூன்று மாதம் எங்களை அலைக்கழித்தது.

படி 2: சைகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு மேல் அகராதி வெளியிட்டிருக்கிறது. அந்த வீடியோக்கள் யூடியூபிலேயே இருக்கின்றன, செயலி எதுவும் தேவையில்லை. லேமினேட் செய்த படஅட்டைக்கும் காசு செலவழிக்காதீர்கள். பந்துக்குப் பந்தையே காட்டலாமே.

படி 3: உட்காரும் இடம். பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். மலையில் மதியமே பனிமூட்டம் இறங்கிவிடும், கரண்டும் போகும். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. வளையலைக் கழற்றி வையுங்கள். என் வெள்ளி வளையலை அவன் ஒரு வாரம் ரசித்தான், கையைப் பார்க்கவே இல்லை.

படி 4: சொல்லும் கையும் ஒரே நொடியில். "தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போது 'தண்ணி' வாயில் வரும் அதே நேரத்தில் கை எழ வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் கை காட்டினால் பேச்சு இழுத்துக்கொண்டு போகும், பிள்ளைக்கு எது முக்கியம் என்றே தெரியாது.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு நாள் விறகடுப்பில் பானை கொதிக்கிறது. "அடுப்பைத் தொடாதே" என்றேன். அடுப்புக்குக் கை காட்டினேன், தொடு என்பதற்கும் காட்டினேன், கடைசியாகக் கூடாது என்று தலையை ஆட்டினேன். அதற்குள் அவன் விரல் பானை விளிம்பில். நல்லவேளை, கொப்புளத்தோடு போனது. தமிழில் 'இல்லை', 'கூடாது', 'ஆதே' எல்லாம் வால் மாதிரி கடைசியில்தான் வரும். கண் முதலில் பிடித்தது 'அடுப்பு, தொடு'. சைகை மொழியிலும் மறுப்பு பெரும்பாலும் கடைசியில்தான், ஆனால் அங்கே முகமே மறுப்பைச் சொல்லிவிடும். என் முகத்தில் ஒன்றும் இல்லை.

இப்போது தடுக்க வேண்டியதற்கு 'தொடு', 'போ' என்ற சைகையே காட்டுவதில்லை. முதலில் முகத்தைச் சுருக்கி உள்ளங்கையை நிறுத்தச் சொல்லி நீட்டுவேன், அப்புறம் "சுடும்!" என்பேன். "ரோட்டுக்குப் போகாதே" என்பதற்குப் பதில் "நில்லு".

படி 5: காத்திருங்கள். காட்டிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கை கோணல்மாணலாக வந்தாலும் சரி, உடனே கேட்டதைக் கொடுங்கள், சொல்லையும் சொல்லிக் கொடுங்கள். சரியாகக் காட்டினால்தான் தருவேன் என்று பிடித்து வைக்காதீர்கள், தாகத்தோடு பரீட்சை வேண்டாம். வரவே இல்லையென்றால் அவன் கைக்கு அடியில் என் கையை வைத்துக் காட்டுவேன், இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவேன்.

"கையிலயே கேட்டுப் பழகிட்டா அப்புறம் எங்க டீச்சர் வாயைத் திறப்பான்?" என்று அவன் அம்மாயி (அம்மாவின் அம்மா) கேட்டார். நியாயமான பயம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், உறுதியான சான்று உள்ளவர்களில் சைகை போன்ற மாற்றுவழிகளால் பேச்சு குறைந்ததாக ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோர்க்குப் பேச்சு கூடியிருந்தது, கொஞ்சம்தான் என்றாலும். எங்கள் பையன் நான்காவது மாதம் பந்துக்குக் கை காட்டிக்கொண்டே "பா" என்றான். அன்று முதல் அம்மாயிதான் வீட்டில் எல்லோருக்கும் சைகை சொல்லித் தருகிறார்.

பின்சேர்க்கை: இடுப்பில் ஒரு குழந்தை இருந்தால் இரண்டு கைச் சைகையை எப்படிக் காட்டுவது என்று ஒரு தாய் கேட்டிருந்தார். ஒரு கையால் காட்டுங்கள், போதும். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையையும் வலது கைக்கு மாற்ற வேண்டாம்.

இன்னொன்று: அகராதியில் இல்லாத சொல்லுக்குப் பிள்ளையே சைகை கண்டுபிடிக்கும். சேலம் போய் வந்த மறுநாள், இவன் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி வாயருகே கொண்டுபோனான். சாண்ட்விச்சா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடி அழுத்தி, கையாலேயே 'கருக்முருக்' என்று நொறுக்கிக் காட்டினான். தட்டுவடை செட்!