நோயாளியாக நடிப்பவருக்குத் தொடக்க வரி ஒன்று போதும்

புதுச்சேரி, கடலூர் பக்கம் எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பி தங்கைகளே, வார்டுக்குப் போகுமுன் ஒருவரை நோயாளியாக நடிக்க வைத்து, அவரிடம் நோய் விவரம் கேட்டுப் பழகுங்கள். 1963-ல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. ஹாஸ்டல் அறையிலேயே செய்யலாம்.

நடிப்பவருக்கு முழு வசனமும் எழுதித் தராதீர்கள். தொடக்க வரி ஒன்று, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை நாலைந்து, அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் 50 வயது அம்மா என்று வைத்துக்கொள்வோம். "காலையிலேருந்து நெஞ்சைக் கரிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடுவார். வியர்த்துக் கொட்டியது, இடது கை வலித்தது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தியது எல்லாம் கேட்டால்தான் வரும். "வாய்வுதான் போல" என்று அவரே உங்களைத் திசைதிருப்பட்டும். வார்டில் அப்படித்தான் நடக்கும்.

முடிந்ததும் மதிப்பெண் வேண்டாம். நோயாளியாகவே இருந்து பேசச் சொல்லுங்கள்: "நான் வலிக்குதுன்னு சொன்னப்ப நீங்க நோட்டுல எழுதிட்டிருந்தீங்க." என்னைக் கேட்டால் இந்த இரண்டு நிமிடம்தான் மொத்தப் பயிற்சியிலும் முக்கியம். திருத்திக்கொண்டு உடனே மறுபடி ஒருமுறை கேளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து படிக்கும் நண்பர்களையும் உட்கார வையுங்கள். தமிழில் விசாரிக்கவும் பழகிக்கொள்வார்கள்.