தட்டணுவுக்கு ஐஸ் ஆகாது

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஐஸ் பெட்டியோடு ரத்தம் வாங்கிவரக் கிளம்பினார். "எதுக்கும்மா ஐஸ்?" என்றேன். "புரோட்டீன் கெட்டுடுமே சார்!" நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன். தட்டணு ஆய்வில் ஆளை ஏமாற்றும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்; குழாயில் பெயர் எழுதுங்கள், கையுறை போடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

குளிர்

ஓய்வில் இருக்கும் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 2 முதல் 3 மைக்ரான் அகலமுள்ள ஒரு வட்டத் தட்டு. விளிம்பை ஒட்டிப் பல சுற்றாகச் சுருண்டு கிடக்கும் நுண்குழல் (மைக்ரோடியூபுல்) வளையம்தான் அந்த வடிவத்தைப் பிடித்து வைக்கிறது. 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் வளையம் கரைந்து, தட்டு உருண்டையாகி, முள் முளைத்துவிடும்.

இது தெரிந்தும் ஏமாந்தேன். நுண்குழலில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குறியை நீக்கும் நொதி எச்டாக்-6 (HDAC6). அதைத் தடுக்கும் டியூபாசின் என்ற மருந்தைத் தட்டணுக்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் குழாய்களும் ஒரே சென்ட்ரிஃபியூஜில் கொள்ளாததால் மருந்துக் குழாய்கள் ஓர் இயந்திரத்தில், மருந்தில்லாத கன்ட்ரோல் பக்கத்து இயந்திரத்தில். முதலாவதை யாரோ எப்போதும் 4 டிகிரியில் விட்டுவிட்டுப் போவார்கள். திரையை நான் பார்த்ததே இல்லை.

நுண்ணோக்கியில் கன்ட்ரோல் தட்டணுக்களில் மோதிரம் மோதிரமாக வளையம். மருந்து பட்டவற்றில் வெறும் மங்கல். சுற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்த பங்கில் ஓட்டிய வெஸ்டர்ன் பிளாட்டிலோ (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை), மருந்துப் பக்கம் அசிட்டைல் பட்டை கன்னங்கரேலென்று. 'அசிட்டைல் கூடினால் வளையம் கலைகிறது' என்று கோட்பாடே கட்டிவிட்டேன். மூன்று மாதம் போயிற்று. அப்புறம் அந்த இயந்திரம் பழுதாகி, எல்லாவற்றையும் இரண்டாவதிலேயே பாதி பாதியாகச் சுற்றிய நாளில் மருந்துக் குழாயிலும் அதே மோதிரங்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

பிளாட் மட்டும் பார்த்தாலும் ஏமாற்றம்தான். குறி இருப்பது நுண்குழலைக் கட்டும் புரதமான ஆல்ஃபா டியூபுலினில், 40-வது அமினோ அமிலமான லைசினில். குழல் பிரிந்து உதிரிப் புரதமானாலும் குறி அந்தக் கணமே போய்விடாது. எவ்வளவு குறி இருக்கிறது என்று பிளாட் சொல்லும்; வளையம் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குப் படம் வேண்டும்.

குறியைக் காரணம் என்று எண்ணுவது

நெடுநாள் நிலைத்த குழலில் அசிட்டைல் சேர்ந்துகொண்டே போகும். எச்டாக்-6-ஐத் தொடாத டாக்ஸால் என்ற மருந்துகூட, குழலை நிலைப்படுத்தியே குறியைக் கூட்டிவிடுகிறது. வளைந்தால் முறியாமல் தாங்க அந்தக் குறி உதவுகிறது என்பது சரி. ஆனால் குழலை நிலைக்க வைப்பதே அதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

ஏற்கெனவே விழித்துக்கொண்ட தட்டணு

நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்தி எடுத்த ரத்தமா? கொட்டிவிடுங்கள். ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் பட்டாலே அசிட்டைல் குறைந்து, வளையம் நடுவை நோக்கிச் சுருங்கும்; அப்புறம் எதை 'ஓய்வு' என்பீர்கள்?

டியூபாசினும் டியூபுலினும்

பெயர் ஒத்திருப்பதால் டியூபாசினின் விளைவு டியூபுலினில் மட்டும்தான் என்று மயங்க வேண்டாம்: அது தடுக்கும் எச்டாக்-6, கார்டாக்டின் என்ற வேறொரு புரதத்திலிருந்தும் அசிட்டைலை எடுக்கும்.

டிஎம்எஸ்ஓ கன்ட்ரோல்

போடுங்கள்.