15 இடங்கள், ஒரு கோடை

பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ். செய்த பணிகளைச் சொல்ல அதில் 15 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. மனத்துக்கு மிக நெருக்கமானவை என்று நீங்கள் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள் தருவார்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் கோடை விடுமுறையில் என்ன வேலை செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்டு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் 15 இடங்களையும் நிரப்பத்தான் அலைகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்த 1,325ஐ: இந்தக் கோடை வேலையில் அவ்வளவு எழுத விஷயம் கிடைக்குமா?

அறுவை சிகிச்சை நிபுணரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தால் கிடைக்காது. இப்படி மருத்துவர் கூடவே இருந்து பார்க்கும் ஷேடோயிங் தேவைதான், சில நாட்கள் போதும். மீதிக் கோடைக்கு, நீங்கள் வராவிட்டால் யாருக்காவது சிரமமாகிற வேலையாகப் பிடியுங்கள்.

நான் நியூ ஜெர்சியில் முதியோர் மருத்துவர். எதற்குப் பரிந்து பேசுவேன் என்று தெரிந்ததுதான்: முதியோர் தங்கிப் பராமரிப்பு பெறும் நர்சிங் ஹோமில் சி.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற செவிலியர் உதவியாளர் வேலை. அமெரிக்க மத்திய அரசு விதிப்படி குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். பல மாநிலங்களில் இன்னும் அதிகம். பிறகு தேர்வு. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. சம்பளமும் உண்டு. "டாக்டராகப் போகிற பிள்ளை மலம் அள்ளுவதா?" என்று ஓர் அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். டாக்டரான பிறகு யார் அள்ளவிடப் போகிறார்கள்? ஒரே மூதாட்டியை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தினமும் பார்க்கும் வாய்ப்பு, டாக்டர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியான ரெசிடென்சியில் எளிதில் அமையாது.

அது முடியாதவர்கள், வாழ்வின் இறுதிக்கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பைஸில் தன்னார்வலராகலாம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, நோயாளி பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்கு அங்கே தன்னார்வலர்கள் பணி செய்தாக வேண்டும். ஆகவே ஆள் தேவை ஓய்வதில்லை. காசநோய்ப் பரிசோதனை, பின்னணி விசாரணை, பயிற்சி என்று வாரக்கணக்கில் இழுக்கும், மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள். ஆய்வக வேலை என்றால், ஆராய்ச்சியில் உண்மையிலேயே ஆசை இருந்தால் மட்டும் போங்கள். பெரும்பாலான கோடைத் திட்டங்களுக்குக் கடைசித் தேதி குளிர்காலத்திலேயே போய்விடும்.

மதுரையில் மாமாவின் மருத்துவமனையா? பாட்டியைப் பார்க்கத் தாராளமாகப் போங்கள். மாமா பாசத்தில் தையல் போடச் சொன்னால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாமல் நோயாளிமேல் கைவைப்பது வெளிநாட்டிலும் தவறுதான் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் வழிகாட்டுதலே எச்சரிக்கிறது. அதைப் பெருமையாக விண்ணப்பத்தில் வேறு எழுதுகிறார்கள்!

ஒவ்வொரு பணிக்கும் மொத்த மணி நேரத்தையும் தொடர்புக்கு ஒருவரின் பெயரையும் ஆம்காஸ் கேட்கும். மேற்பார்வை நர்ஸின் பெயரையும் மின்னஞ்சலையும் வேலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். நர்சிங் ஹோம்களில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள்.